சனிக்கிழமைப் பல்

அப்பா செத்த அன்று காலையில் அம்மா என்னிடம் முதல் சொன்ன சொல், "மனுசன் பசியோட போயிட்டாரடா" என்பதுதான்.

டொக்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்து, கடிதம் எழுதித் தந்துவிட்டுப் போன பிறகும் அம்மா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். முந்தின இரவு ரசம் விட்டுக் குழைத்த சோற்றில் இரண்டு வாய் மட்டும் வாங்கிக்கொண்டு, போதும் என்று எழும்பிப் போய்ப் படுத்தவர் அப்பா. விடிய எழும்பவில்லை. நித்திரையிலேயே போவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் எல்லாரும் சொன்னார்கள். அம்மாவுக்கு அது காதில் ஏறவேயில்லை. சட்டியில் மிஞ்சிக் கிடந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. அம்மா கடும் சைவம். மீன்காரன்கூட எங்கள் படலையைத் தாண்டும்வரை கூவமாட்டான். கலியாணம் முடித்த அன்றோடு மீன், இறைச்சி என்று எல்லா மச்சத்தையும் விட்டவர் அப்பா. "அதின்ர ருசியே மறந்துபோச்சு" என்று அம்மா கேட்கக்கூடிய தூரத்தில் நின்று அடிக்கடி சொல்லுவார்.

பென்சன் எடுத்த பிறகு அவருக்குப் பல் முழுக்கப் போய்விட்டது. கொள்ளுப்பிட்டியில் ஒரு பல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டுபோய்ச் செட் கட்டுவித்தவன் நான். ஒரு கிழமை போட்டார். பிறகு ஒருநாள் கல்கிசைக்குக் கடலோரத் தண்டவாளத்தில் ஓடும் கோச்சியில் போய்விட்டு வெறும் வாயோடு வந்து நின்றார். ஜன்னலோரம் இருந்தபோது தும்மல் வந்ததாம், பல் பறந்து கடலுக்குள் விழுந்துவிட்டதாம். நான் நம்பினேன். அப்பாவின் தும்மலைக் கேட்ட எவரும் நம்புவார்கள். புதுசு கட்டுவோம் என்றால், "கடலுக்குக் குடுத்த ஒரு செட் காணும்" என்று மறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அம்மாவின் வேலை சோற்றைக் குழைப்பதும், அப்பாவின் வேலை அதைத் தள்ளி வைப்பதுமாகப் போனது. அதிலும் வெள்ளி இரவு இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போய், துறைமுகக் கந்தோரில் தன்னோடு வேலை செய்த கூட்டாளி வீட்டில் சீட்டு விளையாடிவிட்டு வருவார். வந்தாலும் சாப்பிடமாட்டார். அம்மா பூசணிக்காயை மசித்துப் பார்த்தார், பருப்பைக் கடைந்து பார்த்தார், என்மேல் எரிந்து விழுந்தும் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. அப்பாவின் கன்னம் மட்டும் நாளுக்கு நாள் உள்ளே போனது.

அவர் செத்ததும் ஒரு சனிக்கிழமைதான். அதற்கு என்ன பரிகாரம் என்று ஐயரைக் கேட்டு வைத்துவிட்டு, செத்தவர்களைப் பதப்படுத்தி உடுத்தித் தரும் பொரளை மலர்ச்சாலையின் வாகனத்தில் அப்பாவோடு நானும் போனேன். வேட்டி, சால்வை, நல்ல சேர்ட் எல்லாம் நினைவாகக் கொண்டுபோயிருந்தேன். அப்பாவின் முகத்தைச் சரிசெய்ய வந்த சிங்கள மனிதர், "மாத்தயா, அப்பாட பல்லு செட் எங்க?" என்று கேட்டார்.

"கடலில்" என்றேன்.

காலையிலிருந்து பெட்டி எந்த நிறம், பந்தல் எவ்வளவு பெரிசு, ரேடியோ அறிவித்தலில் யாருடைய பெயர் முதலில் என்று ஆளுக்கொரு புத்தி சொல்லி என் தலையைத் தின்றிருந்தார்கள். அந்த எரிச்சல் அவர்மேல் போய்விட்டது. அவர் பொறுமையாகச் சொன்னார். "சரி, மாத்தயா. கிடைச்சாப் பின்னேரத்துக்கு முன்ன கொண்டு வாங்க. வாய மூடி வேல முடிச்சாப் பிறகு திறக்க ஏலாது."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பல் இல்லாவிட்டால் என்ன, எல்லாரும் அழுதுகொண்டுதானே பார்க்கப்போகிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவற்ர முகத்தைப் பாத்தனியே? பட்டினி கிடந்த ஆள் மாதிரிக் கிடக்கு. நான் சோறு போடாமல் வச்சிருந்தன் எண்டெல்லே சனம் நினைக்கும்? எனக்கே அப்பிடித்தானேடா இருக்கு. எங்கயாவது பார். பல்லில்லாமல் அவரைக் கொண்டு வராதை."

கொழும்பு நகரத்தில் பின்னேரத்துக்குள் ஒரு பல் செட்டுக்கு நான் எங்கே போவது? கொள்ளுப்பிட்டிக்குப் போன் பண்ண, ஒழுங்கை முகப்பில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் ஓடினேன். பல் டொக்டரிடம் பழைய அச்சு எதுவும் இல்லை. என் முகத்தைப் பார்த்து நானா விசயத்தைக் கேட்டார். கேட்ட உடனே தன் வாய்க்குள் கையை விட்டார்.

"இந்தாங்க தம்பி, ஏன்ட பல்லக் கொண்டு போங்க. புதுசு கட்டுற மட்டும் நான் கஞ்சியக் குடிச்சிட்டு இருப்பேன்."

லேஞ்சியில் சுற்றித் தந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு அயலவர் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆனால் அம்மா லேஞ்சியை விரிக்கவே விடவில்லை.

"நானாவின்ர மனம் தங்கம். ஆனா அது மச்சம் கடிச்ச பல்லு. சைவமா இருந்த மனுசன்ர வாயில அதை வைக்கலாமோ? நானாவின்ர மனம் நோகாமல் சொல்லிக் குடுத்திடு."

பக்கத்தில் யாரோ புரைக்கேறி இருமினார்கள். திரும்பினால், கொட்டாஞ்சேனை மாமா. அப்பாவின் சீட்டுக் கூட்டாளியை நான் அப்படித்தான் கூப்பிடுவது. செய்தி கேட்டு அப்போதுதான் வந்து, தேநீர்க் கோப்பையும் கையுமாக நின்றவர். முகம் செத்தவரின் முகத்தைவிட வெளிறிப்போயிருந்தது.

நானாவிடம் பல் அளவு சரியில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் போட்ட வேகத்தில் அவருக்கும் எவ்வளவு நிம்மதி என்று விளங்கியது. கடையை விட்டு இறங்க, மாமா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"தம்பி, பல்லு கடலில இல்லை. எங்கட குசினியில இருக்கு."

"என்ன?"

"உன்ர கொப்பர், மச்சம் கடிச்ச பல்லை வீட்டில வைக்கேலாது எண்டு எங்களிட்டத் தந்தவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, பல்லைப் போட்டு, மாமி ஆக்கிற நண்டைச் சாப்பிட்டிட்டு, கழட்டி வச்சிட்டு வருவார். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர்."

முதலில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னிடம்கூடச் சொல்லவில்லையே மனுசன்! நான் கந்தோர்க் கன்ரீனில் மீன் பொரியல் தின்றுவிட்டு வாய் கொப்பளித்துக்கொண்டு வருபவன். சொல்லியிருந்தால் நானும் கொட்டாஞ்சேனைக்குப் போயிருப்பேனே. அந்த நினைப்போடு சிரிப்பும் வந்துவிட்டது. தகப்பன் செத்த அன்று காலி வீதியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த பிள்ளை நானாகத்தான் இருப்பேன். மாமாவும் சிரித்தார், பிறகு இரண்டு பேரும் அழுதோம். ரக்சி பிடிக்கத்தான் நேரம் சரியாக இருந்தது.

கொட்டாஞ்சேனையில் கோயில் மணிக்கூண்டுக்குப் பின்னால் அவர்கள் வீடு. மாமி வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். குசினித் தட்டில் மாதா படத்துக்குக் கீழே ஒரு ஜாம் போத்தலில், தண்ணீருக்குள் அப்பாவின் பல் சிரித்துக்கொண்டிருந்தது.

"காலமையும் தண்ணி மாத்தினனான் தம்பி. இண்டைக்குச் சனிக்கிழமை எல்லோ. அங்க பார், நண்டும் வாங்கி வச்சிட்டன்."

பேசினுக்குள் நண்டுகள் உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்து மாமி மறுபடியும் அழுதார்.

பொரளைக்குப் போகும் வழியில், அம்மாவிடம் சொல்ல ஒரு பொய்யைத் தயார் பண்ணினேன். பல் டொக்டரிடம் அச்சு இருந்தது, அவசரமாக ஒன்று செய்து தந்தார் என்று சொல்லுவோம் என்றேன். மாமா தலையாட்டினார். மாமி ஆட்டவில்லை. "செத்தவீட்டில போய்ப் பொய் சொல்லிப்போட்டு நான் பாதரிட்ட என்னெண்டு பாவசங்கீர்த்தனம் செய்யிறது?" என்றார். நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று நான் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

பின்னேரம் அப்பா வீட்டுக்கு வந்தார். பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். கன்னம் எழும்பி, உதடு விரிந்து, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்தவர்போல இருந்தார். அம்மா நெடுநேரம் பார்த்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கயடா கிடந்தது?"

நான் அச்சுக் கதையைத் தொடங்கினேன். "அக்கா" என்று மாமி குறுக்கே வந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஜாம் போத்தல், நண்டு, சனிக்கிழமை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். நான் சுவரோடு ஒதுங்கினேன். செத்தவீடு முழுக்க அழுகையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது.

அம்மா கேட்ட கேள்வி நான் எதிர்பார்த்ததே இல்லை. "எவ்வளவு சாப்பிடுவார்?"

"ரெண்டு தரம் போடுவார் அக்கா. மூண்டாம் தரம் கேப்பார், நான்தான் வயித்துக்கு ஆகாதெண்டு மறிக்கிறது. வெள்ளி இரவு வயித்தைக் காயப்போட்டிட்டுத்தான் வாறனான் எண்டு சொல்லுவார்."

"அப்ப ராத்திரி ரெண்டு வாயோட எழும்பினது..."

"இண்டையான் நண்டுக்கு, அக்கா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்துப் பெண்கள் நெருங்கினார்கள். அழுதுகொண்டுதான் இருந்தார், ஆனால் சிரிக்கவும் செய்தார். "கள்ள மனுசன்" என்று அப்பாவின் நெற்றியில் செல்லமாகத் தட்டினார். "என்ர சாப்பாடு பிடிக்காமல், ஒட்டிக் காய்ஞ்சு போனார் எண்டெல்லே நினைச்சன்!" அன்று அம்மாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது, அப்பாமேல் எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

அடுத்த நாள் வாய்க்கரிசி போடும்போது, மற்றவர்கள் ஒரு பிடியைப் போட்டுவிட்டு நகர, அம்மா மட்டும் குனிந்து, "மென்று சாப்பிடுங்கோ" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கனத்தைச் சுடலையில் பல்லோடுதான் அவரை எரித்தேன்.

எங்கள் ஆட்களிடம் எட்டுச் செலவு என்று ஒரு நாள் உண்டு. எட்டாம் நாள், செத்தவருக்கு வாய்க்குப் பிடித்தது எதுவோ அதையெல்லாம் சமைத்து இலையில் படைப்பது. சில வீடுகளில் மீனும் இறைச்சியும் சாராயமும்கூட வைப்பார்கள். எங்கள் வீட்டில் எட்டும் சைவமாகவே நடக்கும் என்று ஒருவரும் கேட்காமலே முடிவாகியிருந்தது. அது சனிக்கிழமையில் வந்தது. அன்று காலை அம்மா என்னைக் கூப்பிட்டு, கொட்டாஞ்சேனை மாமியைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். "வரேக்க நண்டும் வாங்கிக்கொண்டு வரட்டாம் எண்டு சொல்லு. சட்டியும் அவவே கொண்டு வரட்டும்."

எங்கள் குசினியில் நண்டு கொதித்தது அதுதான் முதலும் கடைசியும். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்றார். உள்ளே போகவும் இல்லை, அப்பால் போகவும் இல்லை. "உப்புச் சரியோ? புளி காணுமோ? சனிக்கிழமையளில எப்பிடிப் போடுவியளோ அப்பிடியே போடுங்கோ" என்று மாமியை ஆட்டிப் படைத்தார். மணம் ஒழுங்கை முழுக்கப் போய், நானா கடையை விட்டு இறங்கி எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

இலை போட்டு, அப்பாவின் படத்துக்கு முன்னால் சோறு வைத்தோம். நண்டுச் சட்டியை மாமி கொண்டுவந்தார். பரிமாறக் கரண்டியை எடுத்தபோது அம்மா அதை வாங்கிக்கொண்டார். மூக்கைப் பொத்தியிருந்த தலைப்பை விட்டுவிட்டு, ஒரு தரம் போட்டார். இன்னொரு தரம் போட்டார். கொஞ்சம் யோசித்து மூன்றாம் தரமும் போட்டார்.

"இண்டைக்கு வீட்டிலயே சாப்பிடுங்கோ" என்றார்.