ஜெபக் குறிப்பில் என் கழுத்து

என் கழுத்துக்கு நோய் வந்தது யார் குற்றமும் இல்லை. அதை மூன்று மாதம் இழுத்தடித்தது என் வீட்டுக்காரர் குற்றம். அவர் முகத்துக்கு நேராகவே இதைச் சொல்லிவிட்டேன், அதனால் எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போகிறவள். தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, வெட்டி வருகிற துணியை நாள் முழுக்க மடித்து அடுக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் குனிந்த கழுத்து. ஒரு நாள் காலையில் காப்பித் தம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. வலது கைப் பெருவிரலும் பக்கத்து விரலும் மரத்துப் போயிருந்தன. எலும்பு டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, கழுத்தில் சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்.

"கழுத்துக் காலர் ரெண்டு வாரம் போதும். அதுவும் பஸ்ல கிஸ்ல போகும்போது. குனிஞ்சு செய்யற வேலை வேண்டாம். மத்தபடி நடங்க, சின்னச் சின்ன வேலை பாருங்க. கையில பலம் திரும்பலைன்னா ஆபரேஷன் பத்திப் பேசலாம்."

இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். காதும் அவருக்கு நன்றாகக் கேட்கும்.

எனக்கு ஆபரேஷனை விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு தடவை அசனம் நடக்கும். சபையார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அதில் பெண்கள் பந்திக்குச் சாம்பார் வாளி தூக்குகிறவள் நான்தான். மற்ற நாளெல்லாம் தரையைப் பார்த்தே வேலை செய்கிற எனக்கு, அத்தனை ஜனங்களுக்கு நடுவில் நிமிர்ந்து நடக்கிற நாள் அது ஒன்றுதான். ஒரு தம்ளரைப் பிடிக்க முடியாத கை வாளியை எப்படிப் பிடிக்கும்?

அவர் ஸ்பின்னிங் மில்லில் பிட்டர். பேரிங் சத்தம் கொடுத்தால் மெஷினை நிப்பாட்டிப் போடுவது அவர் பழக்கம். என்னையும் அப்படியே நிப்பாட்டிப் போட்டார். தூங்கும்போதும் காலர், சாப்பிடும்போதும் காலர். சமையல், துணி, பாத்திரம் எல்லாம் அவரே. மில்லுக்குப் போகுமுன் எனக்குத் தலை சீவி விடுவார். அவர் போடுகிற பின்னல் எப்போதும் வலது காதுப் பக்கம் வந்து முடியும். எண்ணெய் வழிந்து காலரெல்லாம் பிசுபிசுக்கும். ஆனால் ஒரு முடி வலிக்க இழுத்ததில்லை.

"ஏட்டி, எந்திரிக்காத. என்ன வேணும்னு சொல்லு, நான் எடுத்துத் தாரேன்."

"கக்கூசுக்குப் போகணும். அதையும் எனக்குப் பதிலா நீங்களே போயிட்டு வாரீங்களா?"

சிரிக்கவில்லை மனிதர். என் பின்கழுத்தில் கையைக் கொடுத்து, முட்டையைத் தூக்குகிற மாதிரி என்னைத் தூக்கி உட்கார வைத்தார்.

இதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் நோயாளிகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், போதகர் அதை வாசித்து ஜெபிப்பார். என் பெயருக்குப் பக்கத்தில் இவர் எழுதிக் கொடுத்தது, 'படுக்கையில் இருக்கும் சகோதரி.' அவ்வளவுதான். அந்த வாரமே வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கிவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, "அசையாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இதில் என் தப்பும் உண்டு. ஆள் வரும்போது உட்கார்ந்திருக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. படுத்துக் கிடந்தால்தான் அவர்கள் வந்ததற்கு மரியாதை என்று, கேட் சத்தம் கேட்டதும் போய்ப் படுத்துக்கொள்வேன்.

மூன்று மாதம் கழித்துக் காலரைக் கழற்றினால் தலை நிற்கவில்லை. வலது கை இடது கையை விட மெலிந்திருந்தது. டாக்டர் இரண்டு பேரையும் திட்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பிசியோதெரபிக்காரப் பெண்ணிடம் அனுப்பினார். பால்கோவாக் கடைக்கு மேல்மாடியில் அவள் அறை. பால் காய்கிற வாசனை படியேறி வந்தது.

"எத்தனை நாளா காலர் போட்டிருக்கீங்க அக்கா?"

நான் வாயைத் திறக்குமுன் இவர், "மூணு மாசம். ஒரு நாள் விடல" என்றார், பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அண்ணே, தலையைத் தாங்க வேண்டிய சதைக்கு மூணு மாசமா வேலையே இல்ல. அது மறந்து போச்சு. இனி நாமதான் ஞாபகப்படுத்தணும்."

நாடியை, அதான் மோவாயை, உள்ளே இழுத்துப் பத்து எண்ணச் சொன்னாள். நான் செய்வதைப் பார்த்து, "எங்க அம்மா வீட்டுக்கு வந்தா இவ மூஞ்சி இப்படித்தான் இருக்கும்" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்து எண்ணிக்கை தப்பிப் போனது.

படியிறங்கும்போது விடவில்லை நான். "கொரோனாவுக்கு மூடின மில்லைத் திறந்தப்ப, ஒரு மெஷினும் அசையலைன்னு எம்புட்டு நாள் புலம்புனீங்க? அது தெரிஞ்ச மனுசருக்கு இது தெரியலையா?"

அவர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஊர் எல்லை தாண்டிய பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

கல்யாணத்துக்கு முந்தி, மில்லில் கூட வேலை பார்த்த ஒருவன் ஏணியிலிருந்து விழுந்தானாம். பேசிக்கொண்டுதான் கிடந்தான். இவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். அதற்குப் பிறகு அவனுக்குக் கையும் காலும் அசையவே இல்லை.

"தூக்குனது நான்தான்" என்றார். "கழுத்தை அசைச்சிருக்கக் கூடாதுன்னு பொறவு ஆஸ்பத்திரில சொன்னாவ. எனக்கு யாரு சொல்லித் தந்தா?"

இருபத்தெட்டு வருஷம் கூட இருந்தவளிடம் இதைச் சொல்லாமல் வைத்திருந்தாரே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மரத்த கையால்தான் பிடித்தேன். இறுக்கிப் பிடிக்க வரவில்லை. அவர் பிடித்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து காலையில் முடங்கியார் ரோட்டில் நடந்தோம். நேராகப் பார்த்து, கையை வீசி நடக்க வேண்டும். இவர் இரண்டு எட்டு பின்னால், நான் சாய்ந்தால் பிடிக்கிற தோதில் கையை வைத்துக்கொண்டே வருவார். எதிரில் வந்த எங்கள் சபைப் பெண் ஒருத்தி நின்றுவிட்டாள்.

"அக்கா, உங்களுக்காகத்தான நேத்து ஜெபம் பண்ணினோம்? படுக்கையில இல்ல இருக்கீங்க?"

"படுத்து எந்திரிச்சுதான் வாரேன்" என்றேன். இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் வாளிப் பயிற்சி. முதலில் வெறும் வாளி. பிறகு ஒரு செம்புத் தண்ணீர், அப்புறம் இரண்டு. உடம்போடு ஒட்டிப் பிடித்து, முதுகை நிமிர்த்தி, குழாயடியிலிருந்து அடுப்படி வரை. சில நாள் விரல் விட்டுவிடும். தரையெல்லாம் தண்ணீர். திட்டாமல் துடைப்பார். போன வாரம் அரை வாளியைச் சிந்தாமல் கொண்டு வைத்தேன். டாக்டர் என் கையைப் பிடித்து அழுத்திப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் பேச்சு இப்போது வேண்டாம் என்றார். அரை வாளி வரை தூக்கலாம், செத்த நேரத்துக்கு ஒரு தடவை கை மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

அந்தச் சந்தோஷத்தோடு, நோய் வந்த பிறகு முதல் தடவையாகச் சபைக்கு, அசன வேலை பிரிக்கிற கூட்டத்துக்குப் போனேன். என் பெயரை வாசிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நீங்க ஜெபக் குறிப்புல இருக்கீங்களேக்கா" என்றாள் எழுதிக்கொண்டிருந்தவள். "உங்க வீட்டு அவியதான் வாராவாரம் எழுதிக் குடுக்காவ. படுக்கையில இருக்கிறவங்களுக்கு நாங்க எப்படி வாளியைக் குடுக்க?"

வீட்டுக்கு வந்து அவரைக் கேட்டேன். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "பேரை எடுத்தா திரும்ப வந்துருமோன்னு இருக்குட்டி."

அதற்கு மேல் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் விடவும் முடியாது. வீட்டில் கேட்டால் பதிலை விழுங்கிவிடுகிறவர் அவர். அதனால் எல்லாரும் படிக்கிற இடத்தில் கேட்கிறேன்.

உங்கள் பயம் எனக்குத் தெரியும். பின்னால் இரண்டு எட்டில் நீங்கள் வருவதும் தெரியும், வாருங்கள். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டு உட்காரக் கூடாது. எழுந்து நின்று, சபையார் அத்தனை பேர் முன்னாலும் வாய் திறந்து சொல்லுங்கள்: உங்கள் பெண்டாட்டி படுக்கையில் இருக்கிறாளா, நடமாடுகிறாளா?