எந்த ஜோன்ஸ் என்று கேட்டோம்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். படகோட்டி முனுசாமி அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஜோன்ஸ் போயிட்டாங்களாம், தங்கச்சி."

"எந்த ஜோன்ஸ்?" என்று கேட்டேன்.

அவர் எங்கள் தாழ்வார உத்தரத்தில் இருக்கும் இரும்புக் கொக்கியை நிமிர்ந்து பார்த்தார். நான் கேட்டதற்கும் அவர் பார்த்ததற்கும் நடுவில் இருந்த அந்தச் சிறு நேரத்தில், அது வேறொரு ஜோன்ஸாக இருக்கட்டும் என்று என் மனம் வேண்டியது. இன்னொருவர் சாக வேண்டும் என்று வேண்டிய மனத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ரங்கூனில், கெம்மெண்டைன் ஆற்றங்கரையை ஒட்டிய எங்கள் தெருவுக்கு மூன்று ஜோன்ஸ்களைத் தெரியும். கடல்முகத்திலிருந்து ரங்கூன் வரை கப்பல்களுக்கு வழிகாட்டி வருபவர் கப்பல் ஜோன்ஸ். மணல்திட்டு எங்கே நகர்ந்திருக்கிறது என்பதைத் தண்ணீரின் நிறத்தைக் கொண்டே சொல்லிவிடுவாராம். எலி பிடிக்கும் ஆட்களோடு வீடு வீடாக வரும் பிளேக் டாக்டர், எலி ஜோன்ஸ். பிரசவம் பார்க்கும் நர்ஸ் மிஸ் ஜோன்ஸ் அவர்கள்தான் தொட்டில் ஜோன்ஸம்மா. எங்கள் கொக்கியில் தராசை மாட்டி, பிறந்த குழந்தையைத் துணித் தூளியில் இட்டு எடை பார்ப்பார்கள். தூளி ஆடி நிற்கும்வரை தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

மூவரும் உறவினர் அல்லர். வேல்ஸ் என்னும் சிறிய மலைநாட்டின் வெவ்வேறு மூலைகளிலிருந்து வந்தவர்கள். ஒருமுறை முனுசாமி அண்ணனின் படகில் போகும்போது அம்மையார் அதை விளக்கினார்கள். அவர்களுடைய தமிழ் எங்கள் தெருப் பெண்களிடம் கற்ற தமிழ்.

"எங்க ஊரு சர்ச்சுல ஜோன்ஸ்னு கூப்பிட்டா முக்காவாசிப் பேரு எழுந்து நிப்பாங்க. அதனால தொழிலைச் சேத்துச் சொல்லுவோம். ரொட்டி ஜோன்ஸ், தபால் ஜோன்ஸ். எங்கப்பா லாட ஜோன்ஸ், குதிரைக்கு லாடம் அடிப்பார்."

"எங்க துறையிலயும் அதே கூத்துதாம்மா," என்றார் அண்ணன். "நான் படகு முனுசாமி. மூட்டை முனுசாமி ஒருத்தன் இருக்கான். அதோ கரையில போறானே, அவன் ஒண்ணரைக்கண் முனுசாமி."

"அவர் என்ன வேலை பாக்குறார்?"

"அரிசி மில்லுல காவக்காரன்."

அம்மையார் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மூவருக்குள்ளும் ஓர் ஏற்பாடு இருந்தது. கடிதங்கள் ஆள்மாறிப் போவது வாடிக்கை. தவறாகப் பிரித்தவர் முதல் வரியோடு நிறுத்தி, மடித்து, உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். "இத்தனை வருஷத்துல யாரும் ரெண்டாவது வரி படிச்சதில்ல," என்று ஜோன்ஸம்மா பெருமையாகச் சொல்வார்கள்.

பிளேக் கடுமையாக இருந்த ஒரு கோடையில் என் தங்கை கமலாவுக்குக் காய்ச்சல் கண்டது. அவளுக்கு அப்போது எட்டு வயது. அப்பா வேலையாகப் பசைன் போயிருந்தார். மூன்றாம் நாள் காலையில் அவள் கையைத் தூக்க முடியாமல் அழுதாள். அக்குளில் எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டியிருந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முதல் வேலையாக வாசற்கதவைச் சாத்தினாள்.

பிளேக் வண்டியைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோயாளியை ஊருக்கு வெளியே இருந்த கொட்டகைக்கு அதில்தான் ஏற்றிப் போவார்கள். எங்கள் தெருவிலிருந்து அதில் போன நால்வரில் ஒருவரும் திரும்பவில்லை.

நான் ஜோன்ஸம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். எப்போதும் நலம் விசாரித்துத் தொடங்குபவள், அன்று எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் ஒரே வரியில் கொட்டினேன்: தங்கைக்குக் காய்ச்சல், அக்குளில் நெறி, டாக்டருக்குத் தெரிய வேண்டாம். உறையின் மேல் 'ஜோன்ஸ், சுகாதார ஆபீஸ்' என்று மட்டும் எழுதினேன். மிஸ் என்று எழுதக்கூடத் தோன்றவில்லை. எங்களுக்கு அவர்களின் அடையாளம் தொட்டில்தான். தெருவில் வழங்கும் அந்தப் பெயரை உறையில் எழுதுவது மரியாதையாக இருக்காது என்று அதை விட்டேன். விட்ட இடத்தில் வேறொன்று வேண்டும் என்பது அந்தப் பயத்தில் உறைக்கவில்லை.

முனுசாமி அண்ணன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"ஜோன்ஸம்மா பிரசவம் பாக்கப் போயிருக்காங்க. பியூன் வாங்கி மேஜை மேல வச்சான்."

"யார் மேஜை மேல?"

"பெரிய மேஜை."

பெரிய மேஜை எலி ஜோன்ஸுடையது. அம்மா கமலாவை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் படுக்கவைத்துச் சாக்கை மேலே இழுத்துவிட்டாள். சாக்கின் கீழிருந்து அவள் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் வந்தது. தெருவில் எந்தச் சக்கரம் உருண்டாலும் எங்கள் பேச்சு நின்றது.

"அக்கரைக்கு, தலா பக்கம் கொண்டு போயிரலாமா? படகு கட்டித்தான் இருக்கு," என்று அண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அம்மா எழுந்துவிட்டாள். அப்போது கதவைத் தட்டியவர் தொட்டில் ஜோன்ஸம்மா. தொப்பி இல்லை; ஓடி வந்திருந்தார்கள்.

"வண்டியை அனுப்புறதுக்கு முன்னாடி டாக்டர் அரை மணி நேரம் குடுத்திருக்கார். ரெண்டாவது வரி படிக்கலையாம். ஆனா முதல் வரியை எப்படி மறக்கிறதுன்னு என்னைக் கேட்டார்."

மூட்டைகளுக்குப் பின்னால் மண்டியிட்டுக் கமலாவின் அக்குளைத் தடவிப் பார்த்தார்கள். அம்மா அவர்கள் காலைப் பிடித்தாள்.

"வெறும் காய்ச்சல்னு சொல்லிடுங்கம்மா. உங்க வார்த்தையை அவர் நம்புவார்."

"நம்புவார். அதனாலதான் சொல்ல மாட்டேன். இந்த வரிசையில பதினோரு வீடு இருக்கு. எல்லா வீட்டுப் பிள்ளையையும் நான் எடை போட்டிருக்கேன்."

அந்தக் கணம் நான் அவர்களை வெறுத்தேன். அதை மறைத்து எழுதினால் இது அஞ்சலி ஆகாது.

வண்டி வந்தது. அம்மாவை ஏற்றச் சட்டத்தில் இடமில்லை என்றார் டாக்டர். தொட்டில் ஜோன்ஸம்மா கமலாவைத் தூக்கிக்கொண்டு தாமே உள்ளே ஏறிவிட்டார்கள். டாக்டர் பதறித் தடுத்தார். இருவரும் தங்கள் மலைநாட்டு மொழியில் ஏதோ பேசினார்கள். பிறகு அவர் ஒதுங்கி நின்றார்.

"பயமா இருக்கு," என்றாள் கமலா.

"எனக்கும்தாண்டி. பேசிக்கிட்டே போவோம். எங்க தெரு ஜோன்ஸெல்லாம் சொல்லட்டுமா? முதல் வீடு, ரொட்டி ஜோன்ஸ்."

கமலா இருபத்துமூன்று நாள் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். அந்த ஊரின் ஜோன்ஸ்களை வீடு வீடாக வரிசை மாறாமல் ஒப்பித்தாள்.

அதன் பிறகு எங்கள் பக்கத்தில் நோயாளியை யாரும் ஒளிக்கவில்லை. "தொட்டிலம்மா கூட ஏறினா அனுப்புறோம்," என்று தெருக்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். ஜோன்ஸம்மாவும் ஒவ்வொரு முறையும் ஏறினார்கள். அந்த வழக்கத்தை என் ஒரு கடிதம் தொடங்கிவைத்தது. வண்டி போகும்போதெல்லாம், இந்த முறை திரும்புவார்களா என்று கொக்கியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறு வருஷம் திரும்பினார்கள். இந்த மாதம் மூட்டை முனுசாமியின் மகளோடு போனார்கள். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மாலை அடக்கம். கப்பல் ஜோன்ஸ் தொப்பியை மார்போடு அணைத்து நின்றார். மரச்சிலுவைக்குப் பெயர் எழுதுபவர் 'ஜோன்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதி முடித்திருந்தார். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் தெருவில் இவரை என்ன பெயர் சொல்லி அழைத்தீர்கள் என்று கேட்டார். நான் தயங்கினேன்.

"சும்மா சொல்லு," என்றார், முதல்முறையாகத் தமிழில். "என் பேரும் எனக்குத் தெரியும்."

தூரிகையை வாங்கினேன். அடுத்த வண்டி வந்தால் கூட ஏற இனி யார் என்ற பயம் அங்கே நின்ற எல்லார் முகத்திலும் இருந்தது. இதை எழுதும்போதும் தெருவில் சக்கரச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடிதான் எழுதுகிறேன். அங்கே சிலுவையருகே கமலா என் பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்: ரொட்டி ஜோன்ஸ், தபால் ஜோன்ஸ், லாட ஜோன்ஸ்.

ஆங்கில எழுத்துகளுக்குக் கீழே தமிழில் எழுதினேன்: தொட்டில் ஜோன்ஸம்மா.

அன்று உறையின் மேல் எழுதாமல் விட்டதை எழுதிவிட்டேன், அம்மா. இனி உங்களைத் தேடி வருபவர்கள் வேறு ஜோன்ஸிடம் போய் நிற்கமாட்டார்கள். போய் வாருங்கள்.