கமலாசனி பழக்கிய பைத்தியம்

உடையார்கட்டில் கமலாசனியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. புருஷன் செத்துப் பன்னிரண்டு வருஷம். இரண்டு ஏக்கர் வயலையும் ஒரு கறவை மாட்டையும் செந்தூரன் என்ற ஒரே மகனையும் அவள் அந்த வாயை வைத்துத்தான் காப்பாற்றினாள். வாய்க்கால் தண்ணீரை மறித்தவனின் வாசல் படலையில் போய் நின்று, அவன் பாட்டன் காலத்துக் களவு வரைக்கும் எடுத்து விடுவாள். வாயாடி என்றார்கள். சொல்லட்டும். வாயில்லாத விதவைக்கு அந்த ஊர் எதை அள்ளிக் கொடுத்துவிட்டது?

இரண்டாயிரத்து ஏழில், இயக்கக்காரர் வீட்டுக்கு ஒருவர் என்று சண்டைக்கு ஆள் கேட்டு வந்தபோது செந்தூரனுக்குப் பத்தொன்பது வயது. பிள்ளைகளைத் தண்ணீர் பிடிக்கிற பெரிய தகரப் பரலுக்குள் ஒளித்தவர்கள் இருந்தார்கள். மீசை முளைக்காதவனுக்கு அவசரக் கலியாணம் கட்டிவைத்தவர்களும் இருந்தார்கள். கமலாசனி மகனுக்குப் பைத்தியம் பழக்கினாள். சீப்பெடுத்துத் தலை இழுக்காதே, குளிக்காதே, ஆட்கள் வந்தால் மண்ணை அள்ளி வாயில் போடு, வேப்பமரத்தோடு கதை, பெயர் கேட்டால் சிரி. எல்லாவற்றையும் தானே செய்து காட்டினாள். குசினி அடுப்படியில் இருவரும் விழுந்து விழுந்து சிரித்த நாட்களும் உண்டு.

வந்தவர்கள் இரண்டு தரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அதோடு நின்றிருக்கலாம். கிணற்றடியில் தன் கெட்டித்தனத்தை நாலு பெண்களுக்கு அவிழ்த்து விட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கதை பரவியதும், மகனைப் பகல் முழுக்கப் பதுங்குகுழிக்குள் இருத்திவைத்தாள். பைத்தியம் பழக்கிய எட்டாம் மாதமளவில், ஒருவரும் இல்லாத நேரத்திலும் அவன் மண் தின்றான். போதுமடா, ஆட்கள் இல்லை என்று சொன்னாள். கெஞ்சினாள். கன்னத்தில் அறைந்தாள். அவன் வேப்பமரத்திடம் ஏதோ கேட்டு, அது சொன்ன பதிலுக்குத் தலையாட்டினான். இது நடிப்பில்லை என்று கமலாசனிக்குத் தெரிந்தது அப்போதுதான்.

புதுக்குடியிருப்புப் பக்கம், மனநோயாளரைத் தங்கவைத்து மருந்து கொடுக்கும் இல்லம் ஒன்று இருந்தது. மூன்று மாதச் செலவை முன்கூட்டியே கட்ட வேண்டும். அதைவிட, நோய் உண்மையானதுதான் என்று ஊர்ச் சங்கத்தின் கடிதமும் வேண்டும். பிள்ளைகளை ஒளிப்பதற்கு அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் முன்னமே இருந்ததால் வந்த சட்டம் அது.

சங்கத்துச் செயலாளர் சிவராசா. போன வருஷம் மூத்த மகனைச் சண்டைக்குக் கொடுத்துவிட்டு, அவன் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த மனுஷன். கமலாசனி மூன்று தரம் நடந்தாள். முதல் இரண்டு தரமும் அவர் கதிரையில்கூட இருக்கச் சொல்லவில்லை. மூன்றாம் தரம் வாய் திறந்தார்.

“உன்ரை பிள்ளை நல்லா நடிக்கிறான், கமலாசனி. என்ரை பிள்ளைக்கு நடிக்கத் தெரியேல்லை.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். கடைசியில், இல்லத்துக்குக் கட்டுகிற காசைத் தான் தருவதாகவும் மாட்டைத் தன் பட்டிக்கு விடும்படியும் சிவராசா சொன்னார். மாட்டின் பாதி விலைகூட இல்லை அது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். அந்தப் பால் உன் வீட்டில் புளித்தே போகட்டும் என்று மனதுக்குள் சபித்துக்கொண்டே மாட்டை அவிழ்த்துக் கொடுத்தாள். காசும் ஒட்டிய உறையில் கடிதமும் கிடைத்தன.

அடுத்த நாள் காலை லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் மகனைப் பக்கத்தில் இருத்தி, அவன் குதித்துவிடாதபடி கையைத் தன் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு போனாள். வழியில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன், “நாடகம் எங்கை, அக்கா?” என்று கேட்டான். அவன் நாசமாய்ப் போக.

இல்லத்தின் பொறுப்பாளர் அருந்ததி முப்பது வயதுக்காரி. முகத்தில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. உறையைக் கிழித்துக் கடிதத்தைப் படித்தவள் கடைசி வரியை உரக்க வாசித்தாள். இவரைத் தாயாரே நடிக்கப் பழக்கியவர் என்பதை ஊர் முழுதும் அறியும் என்று எழுதியிருந்தது. மாட்டையும் வாங்கிக்கொண்டு, மண்ணையும் போட்டுவிட்டானே பாவி.

அது உண்மையா என்று அருந்ததி கேட்டாள். இல்லை என்று சாதித்திருக்கலாம். பொய் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் ஒரு பொய்தான் மகனை இந்த வாசலுக்குக் கொண்டுவந்தது.

“ஓம் மிஸ். நான்தான் பழக்கினனான். இப்ப அது நடிப்பில்லை. இவனை இஞ்சை விட்டால்தான் எனக்குப் பிள்ளை மிஞ்சும்.”

அருந்ததி அவளை விட்டு அவனிடம் திரும்பினாள். “தம்பி, நீர் நடிக்கிறீரோ?”

செந்தூரன் நிமிர்ந்து இருந்தான். மாதக்கணக்கில் கேட்காத தெளிந்த குரலில், “ஓம், நடிக்கிறன். அம்மாதான் பழக்கினவா,” என்றான். அருந்ததி கடிதத்தை மடித்தாள்.

“அப்ப வீட்டை போகலாம்தானே?”

“ஏலாது. அம்மா நிப்பாட்டச் சொல்லும் மட்டும் நடிக்க வேணும்.”

கமலாசனி அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். “நான் சொல்லிறன் ராசா. போதும். நிப்பாட்டு.”

அவன் அவளை வடிவாக உற்றுப் பார்த்தான். பிறகு, முன்பின் தெரியாத பெரியவர்களோடு கதைக்கும் மரியாதையுடன் அவள் கைகளை விலக்கினான்.

“நீங்கள் சொல்லி நிப்பாட்டேலாது. அம்மா வரட்டும்.”

அருந்ததி கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுப் பதிவுப் புத்தகத்தைத் திறந்தாள். பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் கேட்டு எழுதினாள். கொண்டுவந்தவர் நோயாளிக்கு என்ன முறை என்று கடைசியாகக் கேட்டாள்.

“தாய்,” என்றாள் கமலாசனி.

பக்கத்திலிருந்த செந்தூரன் இல்லையென்று தலையாட்டினான்.