குஞ்சோடு பேசியது நான்தான்

அந்தக் கழுகுக் குஞ்சோடு பேசியது நான்தான். இதை உங்களைத் தவிர எவரிடமும் சொன்னதில்லை.

ஜெர்மனியின் எசன் நகருக்கு வெளியே, அழிந்துவரும் பறவைகளை வளர்க்கும் நிலையத்தில் வேலை செய்கிறேன். ஆப்பிரிக்கச் சவன்னாவின் குட்டைவால் கழுகுகள் இங்கே குஞ்சு பொரிக்கின்றன. வளர்ந்ததும் குஞ்சுகளை அந்தப் புல்வெளிக்கே அனுப்புகிறோம்.

குஞ்சு மனிதரை அறியவே கூடாது. திரைக்குப் பின்னால் நின்று, தாய்க்கழுகின் தலைபோலச் செய்த கையுறையால் இறைச்சி ஊட்டுவோம். வாய் திறக்கக் கூடாது. மனிதரை நம்பும் கழுகு மாட்டுப்பட்டிக்கு வரும். அங்கே நரிகளுக்கென்று நஞ்சிட்ட இறைச்சி கிடக்கும்.

எல்லாம் தெரிந்தவள் நான்! புதிதாக வருவோருக்கு இந்த விதிகளைச் சொல்லிக்கொடுப்பவளும் நான்தான்.

அந்தக் குஞ்சு உண்ண மறுத்தது. மெலிந்துகொண்டே போனது. செத்துவிடுமோ என்று பயந்தேன்...

"கொஞ்சம் சாப்பிடுங்கோ ராசா" என்றேன், மிக மெதுவாக.

தலையைத் தூக்கியது. வாயைத் திறந்தது! பிறகு ஒவ்வொரு முறையும் சொன்னேன். சொன்னால்தான் உண்டது.

அனுப்புமுன் சோதனை நடந்தது. அந்நியர்கள் பேசாமல் கூண்டருகே நடந்தார்கள். கழுகு அஞ்சி விலகியது. பேசியிருந்தால்?

பறவைகளைக் கண்காணிக்கும் ஆய்வாளர் கவிதா, கோயம்புத்தூர்ப் பெண், என்னிடமும் கேட்டாள். "யாராச்சும் இதுகிட்ட பேசினீங்களா அக்கா? உங்களைக் கேக்கறதே வேஸ்ட். நீங்க மனுஷங்ககிட்டயே பேச மாட்டீங்க."

"ஒருத்தரும் கதைக்கேல்லை, பிள்ளை."

உண்மை சொன்னால் அதற்கு ஆயுள் முழுதும் கூண்டுதான். அதற்காகவா மறைத்தேன்? இல்லை... என் பெயர் கெட்டுவிடக் கூடாது என்றுதான்.

கழுகைச் சவன்னாவில் பறக்கவிட்டாயிற்று. இப்போது அதன் முதுகில் கட்டிய, இருப்பிடம் காட்டும் கருவி ஒரே இடத்தைக் காட்டுகிறது. மாட்டுப்பட்டி ஒன்றின் அருகே, ஒரு மரம். மேய்ப்பவர்கள் மாடுகளோடு பேசிக்கொண்டேதானே இருப்பார்கள்? அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டு அது உட்கார்ந்திருக்கிறது...

இன்று கவிதா கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"பிடிச்சுட்டு வரச் சொல்லலாமா அக்கா? வளர்த்தது நீங்க. நீங்க சொன்னா நாளைக்கே டீம் போகும்."

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ஆனால் ஏன் பிடிக்க வேண்டும் என்று அடுத்த கேள்வி வருமே!

"கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்றேன்.

அவள் நம்பினாள். திரையை அணைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனாள்.