தங்கை கட்டிய மூங்கில்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருடம். பர்மா எல்லையில் குண்டுச் சிதறல் பாய்ந்த இடது காலோடு பட்டாளத்திலிருந்து தளவாய்புரத்துக்குத் திரும்பியிருந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. காயம் ஆறிவிட்டது. ஆனால் கால் சூம்பிப்போய், ஊன்றினால் மடங்கிக்கொள்ளும். கம்பில்லாமல் நிற்கக்கூட முடியாது.

என் தங்கை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர். சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வீட்டுக்கு வருவாள். அந்தப் பள்ளியில் டிரில் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரம்மா சின்ன வயதில் பாலே என்கிற சீமை நடனம் பயின்றவராம். சுவரோரம் ஒரு கட்டையை அடித்து, அதைப் பிடித்தபடி கைகாலைப் பழக்கும் முறையை டீச்சர்களுக்கும் கற்றுத்தந்திருந்தார். அதைக் கற்றுக்கொண்டு வந்த தங்கை, என் காலுக்கும் உதவும் என்று எங்கள் கொல்லையில் இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே இடுப்பு உயரத்தில் ஒரு மூங்கிலைக் கட்டினாள்.

"பொம்பளப் பிள்ளைக ஆடுற ஆட்டத்தையா நான் ஆடணும்?" என்று கத்தினேன். அவள் விடவில்லை.

குதிகால்களைச் சேர்த்து, பாதங்களைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி நிற்க வேண்டும். ஒரு காலைத் தரையோடு தேய்த்தபடி முன்னால், பக்கத்தில், பின்னால் நீட்டித் திரும்பச் சேர்க்க வேண்டும். கூடவே ஒரு கை வளைந்து மேலே எழ வேண்டும். காலைக் கவனித்தால் கை விறகுக்கட்டையாகிவிடும். கையைக் கவனித்தால் கால் நின்றுவிடும்.

"மூங்கில அம்புட்டு இறுக்கிப் பிடிக்காதண்ணே, சும்மா தொட்டுக்கிட்டு நில்லு. தோள எறக்கு. கை போற பக்கம் கண்ணு போகட்டும்" என்பாள்.

அவள் இல்லாத நாட்களில் தனியாகப் பழகினேன். மூன்று மாதத்தில் காலில் சதை பிடித்தது. ஒருநாள் கையும் காலும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக நின்றபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் தேவதானத்தில் எனக்குப் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பா போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னவர், காலையிலேயே தன் தம்பியோடு வந்துவிட்டார். பேச்சுச் சத்தம் கேட்டு இருவரும் நேரே கொல்லைக்கு வந்தார்கள். காலை பஸ்ஸில் வந்திருந்த தங்கை பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, நான் ஒரு கையைத் தலைக்கு மேல் வளைத்துத் தூக்கி நின்றிருந்தேன். தம்பிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "எல்லாம் என் தங்கச்சி பண்ற வேல மாமா. பள்ளிக்கூடத்துல ஏதோ கூத்தக் கத்துக்கிட்டு வந்து என்னப் போட்டுப் படுத்துதா" என்று சொல்லிவிட்டேன்.

தங்கை மூங்கிலைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். எனக்காக அவள் போட்ட முடிச்சை அவளே அவிழ்ப்பதைப் பார்த்ததும்தான் நான் சொன்னதன் கேவலம் எனக்கு உறைத்தது.

"ஏட்டி, அவுக்காத" என்று அவளைத் தடுத்தேன். பிறகு வந்தவரிடம் திரும்பினேன். "நான் சொன்னது பொய் மாமா. மூணு மாசத்துக்கு முந்தி கம்பு இல்லாம என்னால நிக்க முடியாது. இவதான் என்னய நிக்க வச்சா."

அவர்கள் முன்னாலேயே முதலிலிருந்து செய்துகாட்டினேன். பாதியில் முழங்கால் ஆடியது. தங்கை பக்கத்தில் வந்து நின்று மெல்ல எண்ணினாள். முடித்ததும் மூங்கிலை விட்டுவிட்டு அவர்களை நோக்கி நடந்தேன்.

ஏட்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, பெண் கிடைக்காது என்றே நினைத்தேன். அவர் குனிந்து தன் வலது முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"ஏம்மா, எனக்கும் இது பத்து வருசமா சரியா மடங்க மாட்டேங்குது. இதுல ரெண்டு எனக்கும் சொல்லித் தாரியா?" என்று தங்கையிடம் கேட்டார்.

அந்தத் தை மாதத்திலேயே அவர் மகளைக் கைப்பிடித்தேன். கால் தேறியது பெரிய விஷயம்தான். ஆனாலும் நாலு பேர் சிரிப்புக்குப் பயந்து நமக்கு நல்லது செய்தவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அன்று கற்றதுதான், இத்தனை வருடமாக என்னைத் தலைநிமிர்ந்து நடக்க வைத்திருக்கிறது.