இரண்டாவது எப்போது

நாங்கள் வீட்டில் இல்லாத நேரம் எங்கள் நாய் அழுகிறது என்று முதலில் சொன்னவர், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வயோதிபர். நோபல் பார்க் என்ற இந்தப் புறநகரில் நாங்கள் வீடு வாங்கிய நாளிலிருந்து பழக்கம். லேசில் குறை சொல்பவர் அல்ல. நாங்கள் மூவரும் காலையில் வெளிக்கிட்டுப் போனதும் ஊளையிடத் தொடங்குகிறது, மத்தியானம் வரை ஓய்வதில்லை என்றார்.

பந்தயத்தில் ஓடி, வேகம் குறைந்ததும் கழித்துவிடப்பட்ட நாய் அது. மகள் விடாமல் கேட்டதால் தத்தெடுத்தோம். பிறந்ததிலிருந்து கொட்டகையில் வேறு நாய்களோடு வளர்ந்ததற்கு ஆளில்லாத வீடு பயமாக இருந்திருக்கும்.

கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே தீர்வைத்தான் சொன்னார்கள்: இன்னொரு நாயைக் கொண்டுவா. என் கணவரும் அதையே சொன்னார். மகளோ அந்த இரண்டாவது நாய்க்குப் பெயரே யோசிக்கத் தொடங்கிவிட்டாள். நான் மிருகவைத்தியரிடம் கேட்டேன். அவசரப்பட வேண்டாம் என்றார் அவர். இது தேடுவது மனிதரை. இன்னொன்று வந்தால் அதுவும் இதைப் பார்த்து ஊளையிடப் பழகக்கூடும். முதலில் இது தனியாக இருக்கப் பழகட்டும், பிறகு இரண்டாவதைப் பற்றி யோசியுங்கள் என்றார். அதை அப்படியே வீட்டில் சொன்னேன். கணவர் ஓம் என்றார். நானும் நம்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணாவின் குடும்பம் சாப்பிட வந்தது. பக்கத்துப் புறநகரான டண்டினொங்கிலிருந்து, என் மாமியாருக்குப் பழக்கமான ஒரு அன்ரியும் வந்திருந்தார். நான் குசினியிலிருந்து கறிச்சட்டியோடு வரும்போது, சனிக்கிழமை மற்ற நாயைக் கூட்டிவரப் போகிறீர்களாமே என்று அண்ணா என்னிடம் கேட்டார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாயைத் தேடி, ஆளோடு கதைத்து, நாளும் குறித்து, அண்ணாவுக்கும் சொல்லியாகிவிட்டது. எனக்கு மட்டும் சொல்லவில்லை.

சட்டியை மேசையில் வைத்தேன். அப்போதுதான் அன்ரி சொன்னார்.

"நல்லதுதானே பிள்ளை. பிள்ளைதான் ஒண்டோட நிப்பாட்டிப் போட்டியள். நாய்க்காவது ஒரு துணை வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. இத்தனை வருடமும் கோயிலில், பிறந்தநாள் விழாக்களில், கடை வாசலில், இரண்டாவது எப்போது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்துச் சமாளித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை என்னிடம் கேட்டு வாங்கியவர் அவர்தான். ஒருவருக்கும் சொல்லவேண்டாம், அம்மா தாங்கமாட்டா, சனம் கதைக்கும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னவர். எனக்குக் காய்ச்சல் என்று ஊருக்கெல்லாம் சொன்னவரும் அவர்தான்.

"நாங்கள் நிப்பாட்டேல்லை அன்ரி," என்றேன். "ரெண்டாவது அஞ்சாம் மாசம் வயித்துக்குள்ளயே செத்தது. இவருக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் இப்ப சிரிச்சவர்."

அன்ரியின் முகம் கறுத்துப்போனது. எனக்குத் தெரியாது, நாயை நினைத்துத்தான் சொன்னேன் என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவரிடம் மறைத்தவர்கள் நாங்கள். ஆனால் நான் கவனிக்காத ஒன்று இருந்தது. பின்கதவடியில், நாயின் வாரைப் பிடித்தபடி மகள் நின்றாள். பதினான்கு வயது. எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எல்லோரும் போனபிறகு கணவர் குசினிக்குள் வந்தார். அது ஒரு பகிடிதானே என்றார். எல்லாருக்கும் முன்னால் இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்றார்.

"அப்ப நான் எங்க சொல்லுறது? ஒரு இடம் காட்டினீங்களே எனக்கு?" என்றேன்.

போனை எடுத்து அவர் கையில் கொடுத்து, அந்த நாய்க்காரருக்கு வரவில்லை என்று சொல்லச் சொன்னேன். சொன்னார்.

பிறகு, நாய் தனியாக இருக்கப் பழகுவதற்கு மிருகவைத்தியர் காட்டிய பயிற்சியை அவரே பொறுப்பெடுத்தார். வீட்டைப் பூட்டிவிட்டு வாசலில் நின்று, நாய் குரல் எடுப்பதற்குமுன் உள்ளே போகவேண்டும். அடுத்தமுறை கொஞ்சம் கூடுதலாக நிற்கவேண்டும். அந்தக் குளிர்காலம் முழுவதும் வேலைக்குப் போகுமுன் தபால்பெட்டியடியில் ஜாக்கெட்டோடு நின்றார். யன்னலால் பார்ப்பேன். பாவமாக இருக்கவில்லை. ஒரு நாய்க்காக இவ்வளவு நேரம் வாசலில் நிற்கத் தெரிந்த மனிதர், அன்று ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் கொஞ்சநேரம் கூடுதலாக இருந்திருக்கலாமே என்றுதான் தோன்றும்.

மகள்தான் என்னோடு கதைத்தாள். நாயை நடத்திக்கொண்டு போகும்போது ஒவ்வொன்றாகக் கேட்பாள். தம்பியா, தங்கச்சியா? முகம் பார்த்தீங்களா? தம்பி என்றேன். பார்த்தேன் என்றேன். கொஞ்சத்தூரம் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வசந்தம் வந்தபோது நாய் அரைநாள் சத்தமில்லாமல் படுத்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்து வயோதிபர் நன்றி சொன்னார். இன்னும் சில மாதம் பொறுத்தேன். அழுகை திரும்பவில்லை. இனிப் பார்க்கலாம் என்று வைத்தியர் சொன்ன கிழமையே, நானும் மகளும் நாய்க் காப்பகத்துக்குப் போனோம். எங்கள் நாயையும் கொண்டுபோய், அங்கிருந்தவற்றோடு நடக்கவிட்டோம். குட்டை உடம்பும் நரைத்த மூக்குமாக ஒரு பெட்டைநாய் அதன் பக்கத்தில் போய்ப் படுத்தது. அதையே கூட்டிவந்தோம்.

கணவரிடம் கேட்கவில்லை. வேண்டுமென்றுதான் கேட்கவில்லை.

வேலையால் வந்து கதவைத் திறந்தவர், நடையில் இரண்டு நாய்களைக் கண்டார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, புதியதுக்கும் சாப்பாடு வைத்தாயிற்றா என்று கேட்டார்.

"நீங்க வையுங்கோ," என்றேன்.