வார்னிஷ் பூசாத தேக்கு

அண்ணா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இன்று திவசத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றி நான் எழுதவேண்டும் என்று அண்ணி கேட்டுக்கொண்டார். தங்கையாகிய என்னால் இயன்றதை எழுதுகிறேன்.

அண்ணா முல்லைத்தீவுக்கு அருகே தண்ணீரூற்றில் பிறந்தவர். எங்களைப் பெற்ற ஐயாவுக்கு வயல்தான் தொழில். எங்கள் குடும்பத்தில் கடலை நம்பிப் போனவர் அண்ணா ஒருவரே. போரின் கடைசி இடப்பெயர்வில் அவரும் அண்ணியும் தங்கள் ஒரே மகளை இழந்தார்கள். அகதி முகாமிலிருந்து திரும்பிய பின் அவர் வளைகுடா நாடொன்றுக்குப் போய், பணக்காரரின் பாய்ப்படகுகளைப் பழுதுபார்க்கும் இடத்தில் பல வருடங்கள் வேலை செய்தார். மகளைப் பற்றி அவர் எங்களிடம் வாய் திறந்ததே இல்லை.

ஊர் திரும்பியதும், தெற்கில் எங்கோ கைவிடப்பட்டுக் கிடந்த சிறிய பாய்ப்படகு ஒன்றை வாங்கி, லொறியில் ஏற்றி முல்லைத்தீவுக் கரைக்குக் கொண்டுவந்தார். மீன்பிடிக்கவும் உதவாத படகு எதற்கு என்று எல்லோரும் கேட்டோம். எஞ்சின் சத்தம் இல்லாமல் அண்ணியை ஒருமுறை கடலில் கூட்டிப்போக வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

படகின் உடல் பைபர். சுற்று விளிம்பும் கைப்பிடிகளும் தேக்கு. கறுத்துப் போயிருந்த அந்த மரத்தை அவர் மாதக்கணக்காக உரஞ்சித் தேய்த்தார். உள்ளிருந்து தேன் நிறம் தெரியத் தொடங்கிய நாட்களில்தான் இருமல் வந்தது. நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். கொழும்புக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். சுகம் வந்துவிடும் என்று அவர் முன்னால் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

தேக்குக்கு என்ன பூசுவது என்பது மட்டும் முடிவாகவில்லை. மிஞ்சிய தேக்குத் துண்டுகள் மூன்றை எடுத்து, ஒன்றுக்கு வார்னிஷ் அடித்தார். ஒன்றுக்கு எண்ணெய் தேய்த்தார். ஒன்றை வெறுமனே விட்டார். மூன்றையும் கடலைப் பார்த்த வேலியில் கட்டினார். வெயில் காலம் முழுவதும் இருமியபடி போய்ப் பார்த்து வருவார். எண்ணெய்த் துண்டில் கரும்புள்ளிகள் படர்ந்தன. வார்னிஷ் கண்ணாடி போல மின்னியது. ஆனால் ஓரத்தில் வெடித்து உரியத் தொடங்கியிருந்தது. வெறும் துண்டு சாம்பல் நிறமாகிவிட்டது. அவ்வளவுதான், வேறு பழுது இல்லை.

அண்ணாவுக்கு வார்னிஷில்தான் ஆசை என்பது அண்ணிக்குத் தெரியும். அதையே அடிக்கச் சொன்னார்.

அண்ணா அந்தத் துண்டின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். "இதை வருசா வருசம் உரஞ்சித் திருப்பி அடிக்கோணும். நான் இல்லாட்டி ஆர் அடிக்கிறது?"

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை. நான் அடுப்பைப் பார்க்கவென்று குசினிப் பக்கம் போய்விட்டேன். அண்ணி அசையவில்லை.

"நான் அடிப்பன்," என்றார்.

"வேண்டாம். உமக்கு நான் ஒரு வேலையும் வைச்சிட்டுப் போகமாட்டன்."

தேக்கு வெறுமனே விடப்பட்டது.

காற்று மென்மையாக இருந்த ஒரு காலையில் அயலவர்கள் படகைத் தள்ளிக் கடலில் இறக்கினார்கள். அண்ணாவும் அண்ணியும் மட்டும் போனார்கள். கரை சிறிதாகும்வரை அண்ணா பாயைச் சரிசெய்துகொண்டே இருந்தாராம். பிறகு மகளின் பெயரைச் சொன்னாராம், ஒரேயொரு முறை. அதற்கு மேல் அண்ணி எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அண்ணாவால் தானாக இறங்க முடியவில்லை. தூக்கித்தான் இறக்கினார்கள். அதன் பிறகு அவர் கடற்கரைக்குப் போகவில்லை. மழை தொடங்குவதற்கு முன் வீட்டிலேயே உயிர் பிரிந்தது.

அவரைத் தூக்கி இறக்கிய அயலவர்களுக்கும், கொழும்பில் எங்களுக்கு இடம் தந்த உறவினருக்கும், வீடு தேடி வந்து மருந்து ஏற்றிய தாதிக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

படகை விற்பீர்களா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அண்ணி விற்கமாட்டார். காலையில் எழுந்து படகடிக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு வருகிறார். அண்ணா நினைத்தபடியே அங்கே அவர் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. முல்லைத்தீவுப் பக்கம் வருபவர்கள் அவரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.